லகோட்டா பெயருக்குப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லகோட்டா என்பது வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடி ஒன்றின் பெயர்; அவர்கள் மொழிக்கும் அதுவே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த, அம்மக்களின் ஓக்லாலா பிரிவுத் தலைவர் ஒருவரை ஆங்கில வரலாற்று நூல்கள் ‘தன் குதிரைகளுக்கு அஞ்சும் இளைஞன்’ என்று பொருள்படும் பெயரால் குறிப்பிடுகின்றன. அவருடைய லகோட்டா பெயர் தாஷுங்கே கோகீபாபி. இதில் ‘தா’ என்றால் அவருடைய, ‘ஷுங்கே’ குதிரை, ‘கோகீபா’ அஞ்சுதல், இறுதியில் உள்ள ‘பி’ பன்மை விகுதி. குதிரை அவருடையது, அஞ்சுபவர்கள் மற்றவர்கள். ‘அவர் குதிரையைக் கண்டாலே அஞ்சுகிறார்கள்’ என்பதுதான் பெயர். அதே பெயர் கொண்ட தந்தையிடமிருந்து மகனைப் பிரித்துக் காட்ட ‘இளைஞன்’ என்பதையும் ஆங்கிலத்தில் ஒட்டிவிட்டார்கள். வீரத்தைச் சொல்லும் ஒரு குடும்பத்தின் பெயர் கோழையின் பெயராக நூற்றாண்டுக்கு மேல் அச்சில் நிற்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே முதல் தவறு, ஆங்கிலப் பெயரிலிருந்து தொடங்குவது. ‘கிரேஸி ஹார்ஸ்’ என்ற லகோட்டா தலைவரின் பெயரைக் கேட்டதும் அந்த மனிதரையே வெறிபிடித்த குதிரையாகக் கற்பனை செய்துகொள்கிறோம். அவருடைய லகோட்டா பெயரான தாஷுங்கே விட்கோ என்றால் ‘அவருடைய குதிரை வெறிகொண்டது’. மேலே பார்த்த அதே ‘தா’ இங்கேயும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது காணாமல் போய்விட்டது. லகோட்டா பெயர்களில் பல, எழுவாயும் பயனிலையும் கொண்ட சிறு வாக்கியங்கள். ‘சிட்டிங் புல்’ என்று உலகம் அறிந்த லகோட்டா தலைவர் தாத்தாங்கா ஈயோதாகேயின் பெயரிலும் ஒரு காளைக் காட்டெருமை அமர்கிறது. அமர்தல் அங்கே வினை. பெயரைச் சொற்களாக உடைத்து ஒவ்வொன்றையும் தனியே அகராதியில் பார்த்தால் இந்த இலக்கணம் கையில் சிக்காது. ‘ஷுங்கே’யின் தனி வடிவமான ‘ஷுங்கா’வைத் தேடினால் நாய் என்றுதான் கிடைக்கும். குதிரைக்கான முழுச்சொல் ‘ஷுங்கவகான்’. நாய் என்ற சொல்லோடு ‘புனிதமான, புரிந்துகொள்ள முடியாத ஆற்றலுடைய’ என்ற பொருள் தரும் ‘வகான்’ சேர்ந்து பிறந்த சொல் அது. சமவெளிக்குக் குதிரை வந்து சேர்ந்தபோது அம்மக்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

எழுத்தின் மேலுள்ள குறிகளை உதறிவிட்டுத் தேடுவது அடுத்த தவறு. அதிகம் பேரைத் திசைதிருப்புவது இதுதான் என்பேன். லகோட்டாவை ரோமன் எழுத்தில் எழுதும்போது மேலே கொக்கியும் கோடும், மூக்கொலிக்குத் தனி எழுத்தும் வரும். பழைய ஆவணங்களிலும் இணையப் பட்டியல்களிலும் இவை உதிர்ந்துவிடும். ‘ஸாபா’ என்றால் கறுப்பு, ‘ஷாபா’ என்றால் அழுக்கு. குறி போய்விட்டால் இரண்டும் ஒரே எழுத்தில் நிற்கும். மென்மையான ‘ஹே’ கொம்பு. தொண்டையில் உரசி வரும் ‘ஹே’ மலை. பிளாக் ஹில்ஸ் மலைகளின் பெயரான ‘ஹே ஸாபா’வில் இருப்பது இரண்டாவது. அழுத்தம் விழும் இடமும் பொருளை மாற்றும். ‘மகா’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் பயிரிடும் நிலம், இரண்டாம் அசையை அழுத்தினால் வாத்து. மூச்சு கலந்து வரும் ஒலி, கலக்காத ஒலி, தொண்டையை அடைத்து வெடிக்கும் ஒலி என்று ககர, தகர, பகரங்கள் மும்மூன்றாகப் பிரிவதும் உண்டு. தமிழ் எழுத்தில் இவை அடங்குவதில்லை. இந்தக் கட்டுரையில் உள்ள தமிழ் வடிவங்களை ஓசைக்கு ஒரு கைகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை வைத்து அகராதியில் தேட வேண்டாம்.

‘சியூ மொழிப் பெயர்’ என்று மட்டும் எழுதியிருக்கும் பட்டியல்களை நம்பாதீர்கள். சியூ என்பது அயலார் சொல். ஓஜிப்வே என்ற வேறொரு பழங்குடி மக்கள் இவர்களுக்கு வைத்த பெயரைப் பிரெஞ்சு வணிகர்கள் சுருக்கியதில் பிறந்தது. அந்த ஒரு பெயருக்குள் மேற்கே லகோட்டாவும் கிழக்கே டகோட்டாவும் அடங்கியிருக்கின்றன. நண்பன் என்பதற்கு லகோட்டாவில் ‘கோலா’, டகோட்டாவில் ‘கோடா’. ஒரு பெயரில் லகரம் வருகிறதா டகரம் வருகிறதா என்று பார்த்தால் கிளைமொழி பெரும்பாலும் பிடிபடும். பெரும்பாலும்தான்! 1876இல் யாங்க்டன் பழங்குடிக் குடியிருப்பில் பிறந்த எழுத்தாளர் கெர்ட்ரூட் சிமன்ஸ் பானின், ‘சிட்காலா ஷா’ என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். சிவப்புப் பறவை என்று பொருள். அவர் யாங்க்டன் டகோட்டா பெண். பெயரோ லகோட்டா வடிவம்.

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ‘வினோனா’ தவறாமல் இருக்கும். அது டகோட்டா குடும்பத்தில் முதலில் பிறந்த பெண்ணுக்குரிய வரிசைப் பெயர். முதல் ஆண் குழந்தைக்கு ‘சஸ்கே’. அழகாக ஒலிக்கிறது என்று இரண்டாவது மகளுக்கு வினோனா என்று வைத்தால், அந்த மொழி தெரிந்தவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

கதையை வேர்ச்சொல்லாக எடுத்துக்கொள்வதும் பரவலான பிழை. வெள்ளையரைக் குறிக்கும் ‘வஷீசு’ என்ற சொல்லுக்குக் ‘கொழுப்பை எடுத்துக்கொள்பவன்’ என்று பொருள் சொல்வார்கள். கொழுப்புக்கான சொல்லின் இறுதியில் மூக்கொலி உண்டு. வஷீசுவில் அது இல்லை. மொழியியலாளர்கள் பலர் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. ஆனாலும் அந்தக் கதையைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். தங்கள் நிலத்தில் வந்து சேர்ந்தவர்களைப் பற்றி லகோட்டா மக்களே சொல்லும் தீர்ப்பு அது. அந்த அளவில் உண்மையானது. சொற்பிறப்பு என்ற தலைப்பின் கீழ் மட்டும் அதை எழுதாதீர்கள். மினியாபொலிஸ் நகரின் மின்னஹாஹா அருவிக்குச் ‘சிரிக்கும் நீர்’ என்று சொல்லப்படும் பொருளுக்கு அந்த மதிப்புகூட இல்லை. அது வெளியார் செய்த தவறு. புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை ஒன்று அதைப் பரப்பியது. டகோட்டா மொழியில் அந்தச் சொல் அருவியைத்தான் குறிக்கிறது.

உறவுச்சொற்களில் தமிழருக்கு ஒரு சாதகம் உண்டு. லகோட்டாவில் அப்பா ‘அத்தே’. அப்பாவின் சகோதரரும் ‘அத்தே’தான். தாய்மாமனுக்கு ‘லெக்ஷி’ என்று வேறு சொல். ஆங்கிலம் வழியாக வருபவர் ‘அங்கிள்’ என்று தேடிக் குழம்புவார்; பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வளர்ந்தவருக்கு இது உடனே விளங்கும். வட அமெரிக்கப் பழங்குடிகளின் உறவுமுறையையும் தமிழரின் உறவுமுறையையும் அருகருகே வைத்து லூயிஸ் ஹென்றி மார்கன் 1871லேயே எழுதியிருக்கிறார். ஆனால் நமக்குப் பழக்கமில்லாத ஒன்றும் இருக்கிறது. பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். அண்ணனை ஆண் ‘சீயே’ என்பான், பெண் ‘திப்லோ’ என்பாள். வாக்கிய இறுதியில் வரும் துணைச்சொற்களும் இப்படி மாறுவதுண்டு. எனவே ஒரு சொல்லையோ தொடரையோ குறித்துக்கொள்ளும்போது, யார் வாயில் வந்தது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். மதபோதகர் ஸ்டீபன் ரிக்ஸ் தொகுத்து 1852இல் வெளிவந்தது மினசோட்டா பகுதியின் டகோட்டாவை அடிப்படையாகக் கொண்டது; லகோட்டா சொல்லுக்கு அதை மட்டும் நம்புவது சரியல்ல. ரோஸ்பட், பைன் ரிட்ஜ் ஆகிய லகோட்டா குடியிருப்புகளில் பல்லாண்டுகள் பணியாற்றிய பாதிரியார் யூஜின் பியூகல் திரட்டிய சொற்கள், அவர் மறைந்த பிறகு 1970இல் அகராதியாயின. 2008இல் புதிய எழுத்துமுறையோடு இன்னொன்று வந்தது. மூன்றும் ஒரே சொல்லை வெவ்வேறு விதமாக எழுதும். ஒன்றில் இல்லை என்றால் அடுத்ததில் வேறு எழுத்தில் தேடிப் பாருங்கள்.

பழைய ஆவணத்தில் ஒரு மூதாதையின் பெயரைத் தேடுபவர்களுக்கு மட்டும் ஒன்று. வாழ்நாள் முழுவதும் ஒரே பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். தாத்தாங்கா ஈயோதாகே சிறுவயதில் ‘தாவும் வளைக்கரடி’ என்ற பெயர் கொண்டிருந்தார், செல்லப்பெயர் ‘மெதுவானவன்’. போரில் துணிவு காட்டியபோது தந்தை தம் பெயரையே மகனுக்குத் தந்தார். தாஷுங்கே விட்கோவின் தந்தையும் அப்படியே செய்தார்; பிறகு அவர் ‘புழு’ என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். ஒரே பெயரில் இரண்டு தலைமுறை கிடைத்தால் ஆண்டைப் பார்த்துப் பிரியுங்கள். பிற்காலத்தில் அரசு முகவர்கள் தந்தையின் பெயரைப் பிடித்து, அதன் ஆங்கில வடிவத்தைப் பல வீடுகளில் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். அத்தகைய பெயருக்குப் பொருள் கண்டுபிடித்தால் அது தாத்தாவைப் பற்றியது. பேரனைப் பற்றியது அல்ல.

‘என் பெயரை லகோட்டாவில் சொல்லுங்கள்’ என்று கேட்பது பொருள் தேடுவதாகாது. அங்கே பெயர், உறவினரும் பெரியவர்களும் கூடிச் சடங்கோடு தருவது. பச்சை குத்திக்கொள்ளவோ நாய்க்குட்டிக்கு வைக்கவோ முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டுப் பெறுவது அல்ல. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

உண்மையாகவே ஒரு சொல் தெரிய வேண்டுமென்றால், ரோஸ்பட்டில் உள்ள சிந்தே க்லெஷ்கா பல்கலைக்கழகம், பைன் ரிட்ஜில் உள்ள ஓக்லாலா லகோட்டா கல்லூரி போன்ற, பழங்குடியினரே நடத்தும் நிறுவனங்களை அணுகலாம். சொல்லை எங்கே, எந்த ஆண்டு ஆவணத்தில், எந்த எழுத்தில் கண்டீர்கள், எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். தங்கள் பெரியவர்களின் குரல் பதிவுகள் யார் கைக்குப் போகின்றன என்பதில் அங்கே ஆழ்ந்த மனக்காயம் இருக்கிறது. இதையொட்டி எழுந்த பூசலில் 2022இல் ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மன்றம், அகராதி வெளியிட்ட மொழி அமைப்பு ஒன்றைத் தன் நிலத்திலிருந்தே விலக்கி வைத்தது. இரண்டு பெரியவர்கள் இரண்டு பொருள் சொன்னால் இரண்டையும், சொன்னவர் எந்த ஊர் என்பதோடு, எழுதி வையுங்கள்.