பத்து ரூபாய் நாணயம் அசலா என்று பார்க்கும்போது செய்யும் தவறுகள்

மளிகைக் கடையிலும் பஸ்ஸிலும் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் "இது செல்லாதுங்க, நோட்டா கொடுங்க" என்று திருப்பித் தருவது தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் பூவும் கீரையும் விற்று, சில்லறையாகவே சம்பாதிக்கிறவர்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் நல்ல காசுதான். அதைச் சோதிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை.

படத்தை வைத்து முடிவு கட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. காசின் முகத்தில் கதிர் போலப் பதினைந்து கோடு இருந்தால் போலி, பத்து கோடு இருந்தால் அசல், ₹ குறி இல்லாவிட்டால் போலி என்று எத்தனை வதந்திகள்! நடந்தது இதுதான். இந்த நாணயம் 2009இல் புழக்கத்துக்கு வந்தது. ₹ குறியை மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்தான் (அதை வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர்). நாணயத்தில் அந்தக் குறி ஏறியது 2011இல். அதற்கு முன்பே அடித்த காசில் அது எப்படி இருக்கும்? கோடுகள் குறைந்ததும் அப்போது வடிவம் மாறியதால்தான். போதாததற்கு அம்பேத்கரின் 125ஆவது பிறந்த ஆண்டு, சர்வதேச யோகா தினம் என்று நினைவு நாணயங்களும் வந்தன. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. 2019இல் இன்னொரு புதிய வரிசையும் வந்துவிட்டது.

ஆண்டுக்குக் கீழே உள்ள சின்னக் குறியிலும் இதே குழப்பம். நொய்டாவில் அடித்தால் புள்ளி, ஹைதராபாத்தில் நட்சத்திரம், மும்பையில் வைர வடிவம். கொல்கத்தா நாணயத்தில் எதுவும் இருக்காது. குறி இல்லை என்பதற்காக ஒரு காசை ஒதுக்கினால் கொல்கத்தாவில் அடித்த அத்தனையையும் ஒதுக்க வேண்டும்.

போலி நாணயமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 2016இல் டெல்லியில் போலி நாணயப் பட்டறை ஒன்றைப் போலீசார் பிடித்தார்கள். ஆனால் போலி அடிக்கிறவன் முதலில் நகலெடுப்பதே படத்தைத்தான். அவனுக்குக் கஷ்டமானது உலோகமும் அதன் இணைப்பும். பத்து ரூபாயின் வெளி வளையம் அலுமினிய வெண்கலம். நடு வட்டு வேறு உலோகத்தில் தனியாக வெட்டிய துண்டு. இரண்டையும் பொருத்தி வைத்துப் பெரும் அழுத்தத்தில் அச்சு இறங்கும்போது உலோகம் நசுங்கிப் பரவி, ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது. ஆகவே அந்த இணைப்பைப் பாருங்கள். இடைவெளி தெரிகிறதா, நடு வட்டு ஆடுகிறதா, இரண்டு நிறம் என்பது வெறும் பூச்சா? அப்புறம் அளவு: விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 7.71 கிராம், 2019 வரிசையில் 7.74. நகைக்கடைத் தராசு இதைச் சொல்லிவிடும்.

எடையை மட்டும் நம்புவதும் சரியல்ல. ஜப்பானின் 500 யென்னும் தென்கொரியாவின் 500 வொன்னும் ஒரு காலத்தில் ஒரே அளவு, ஒரே வகை உலோகம். வொன் கொஞ்சம் கனம் கூட, மதிப்போ மிகக் குறைவு. அதில் துளையிட்டும் சுரண்டியும் எடையைக் குறைத்து ஜப்பானியத் தானியங்கி இயந்திரங்களை ஏமாற்றினார்கள். அதனால் 2000இல் ஜப்பான் உலோகத்தையே மாற்றியது. 2021இல் வந்த 500 யென்னில் விளிம்புக் கோடுகள் சாய்வாகவும், சில இடங்களில் மட்டும் இடைவெளி மாறியும் இருக்கும். இயந்திரத்தில் அடித்துக் குவிக்கும் நாணயத்துக்கு அப்படி ஒரு விளிம்பைக் கொடுப்பது லேசான வேலை இல்லை.

காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்களும் ஏமாறுகிறார்கள். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் ஒரு ரூபாய் ஒட்டாது. இரண்டும் அரசு அடித்ததுதான். சுண்டிப் பார்த்துச் சத்தம் கேட்பது வெள்ளிக்காசு காலத்துப் பழக்கம். இரண்டு உலோகம் சேர்ந்த காசுக்கு அந்தக் கணீர் ஒலி வராது.

வெளிநாட்டு நாணயத்தில் இருப்பதை நம் காசில் தேடுவது இன்னொரு தவறு. பிரிட்டனில் பழைய வட்டமான ஒரு பவுண்டு நாணயத்தில் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று போலியாக இருந்தது. அதனால் 2017 மார்ச் 28 அன்று பன்னிரண்டு பக்க நாணயத்தைக் கொண்டுவந்தார்கள். அதைச் சாய்த்தால் பவுண்டு குறி 1 என்ற எண்ணாக மாறும். இருபுறமும் உள்விளிம்பில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் எழுத்துகள். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் விளிம்பில் கோடுகள். இவை போக, இயந்திரம் மட்டுமே அறியும் ரகசிய அம்சம் ஒன்றும் உண்டு. நம் இருபது ரூபாயும் பன்னிரண்டு பக்கம்தான், ஆனால் விளிம்பில் கோடே கிடையாது. வழவழப்பாக இருப்பதுதான் அதன் இயல்பு. பழைய தடித்த ஐந்து ரூபாயிலோ விளிம்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும். ஒவ்வொரு நாணயத்தையும் அதன் சொந்த வரிசையோடுதான் ஒப்பிட வேண்டும்.

உண்மையிலேயே சந்தேகம் வந்தால் அந்தக் காசை வேறு யார் தலையிலாவது கட்டாதீர்கள், வங்கியில் காட்டுங்கள். மற்றபடி, 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையான தொகைக்குக் கொடுக்கலாம். கடைக்காரர் தயங்கினால், 14 வடிவங்களையும் பட்டியலிட்ட ரிசர்வ் வங்கி அறிவிப்பைப் போனில் எடுத்துக் காட்டுங்கள்.