20 பேர்ச் காணிக்கு வேலி எவ்வளவு? வர்க்கமூலம் படிப்படியாக

திருகோணமலையில் காணி விலை பேசும்போது "20 பேர்ச்" என்பார்கள். அது பரப்பளவு. வேலி அடைப்பவருக்கு வேண்டியதோ பக்கத்தின் நீளம். காணி சதுரமாக இருந்தால், பரப்பளவிலிருந்து பக்கத்தைக் கண்டுபிடிக்க வர்க்கமூலம் போதும்.

ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 16.5 × 16.5 தான் அது. ஆகவே √272.25 = 16.5. ஒரு பேர்ச் சதுரத்தின் பக்கம் 16.5 அடி.

படி 1: √ குறி என்ன கேட்கிறது?
எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இது வரும் என்று கேட்கிறது. √49 = 7. முதலில் 1, 4, 9, 16 என்று 144 வரையுள்ள நிறைவர்க்கங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். ப² = 49 என்றால் ப-வுக்கு 7, −7 இரண்டுமே பொருந்தும். √49 என்று எழுதினால் மட்டும் 7 தான். இந்தக் குறி மறை விடையைத் தராது.

படி 2: மதிப்பிடுங்கள்
20 பேர்ச் சதுரக் காணியின் பரப்பளவு 20 × 272.25 சதுர அடி. ஆகவே பக்கம் √272.25 × √20, அதாவது 16.5 × √20 அடி. 20 நிறைவர்க்கம் அல்ல. 16க்கும் 25க்கும் இடையில் இருப்பதால் √20 என்பது 4க்கும் 5க்கும் இடையில் வரும். இதை மனதில் வைத்திருந்தால் பிழையான விடை உடனே கண்ணில் படும்.

படி 3: சுருக்குங்கள்
20-இன் காரணிகளில் பெரிய நிறைவர்க்கத்தைத் தேடுங்கள். 20 = 4 × 5. எனவே √20 = √4 × √5 = 2√5. பக்கம் 16.5 × 2√5 = 33√5 அடி.

இங்கேயே தசமத்துக்குப் பாய வேண்டாம். √5 விகிதமுறா எண். அதன் தசமம் முடியாது, ஒரே ஒழுங்கில் மீளவும் செய்யாது. 2.236 வெறும் கிட்டிய பெறுமானம். சரியான விடை 33√5. கம்பி வாங்கக் கடைக்குப் போகும்போது மாற்றினால் போதும்: பக்கம் ஏறத்தாழ 73.8 அடி, நான்கு பக்கமும் சேர்த்து 295 அடி.

படி 4: கூட்டுங்கள்
அந்தக் காணிக்குப் பக்கத்திலேயே வீதியோரமாக 5 பேர்ச் சதுரக் காணி ஒன்று இருக்கிறது. அதன் பக்கம் 16.5√5. வீதிப்பக்க நீளம் 33√5 + 16.5√5 = 49.5√5, ஏறத்தாழ 110.7 அடி. 3ப + 2ப = 5ப என்று கூட்டுவது போலத்தான். √5 + √2 என்றால் அப்படிச் சேர்க்க முடியாது.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்: √20 + √5 என்பதை √25 என்று எழுதிவிடுவார்கள். 25 பேர்ச் சதுரக் காணியின் பக்கம் 16.5 × 5 = 82.5 அடி. நமக்கு வந்தது 110.7. பெருக்கலை மூலக்குறிக்குள் பிரிக்கலாம், கூட்டலைப் பிரிக்க முடியாது.

அப்படியானால் பக்கம் சரியாக 49.5√5 அடியாக இருக்கும் சதுரக் காணி எத்தனை பேர்ச்? 49.5 = 16.5 × 3 என்று தொடங்குங்கள். 3√5 = √9 × √5 = √45. விடை 45 பேர்ச். இதே வழியில் 8, 18, 72 பேர்ச் சதுரங்களின் பக்கங்களைச் செய்து பாருங்கள். மூன்றிலும் √2 வர வேண்டும்.