கால் வீக்கமும் பேனாக் கோடும்: என் அனுபவம்

ஐப்பசி அடைமழையில் என் வலது கெண்டைக்கால் திடீரென்று சிவந்து வீங்கியது. தொட்டால் அனல். ராத்திரி குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்து ஒரு நாளை வீணாக்கிவிட்டேன்.

டாக்டர் பார்த்ததுமே 'செல்லுலைட்டிஸ்' என்றார். தோலுக்கு அடியில் பாக்டீரியா தொற்று. சிவப்பின் ஓரம் நெடுக பேனாவால் கோடு இழுத்தார். "இதைத் தாண்டிப் பரவினா உடனே வாங்க." பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, செஃபாலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 500 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒன்றாக 7 நாள் எழுதினார்.

மறுநாளே சிவப்பு கோட்டை விரற்கடை அளவு தாண்டியது. பதறிப் போய் ஓடினேன். காய்ச்சல் இறங்கியிருந்ததால், முதல் 48 மணி நேரத்தில் இப்படி ஆவதுண்டு என்று அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். மூன்றாம் நாள் சிவப்பு உள்வாங்கி, தோல் சுருங்கி உரியத் தொடங்கியது.

வீக்கம் வடிய மாத்திரை மட்டும் போதவில்லை. இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்ததுதான் பெரிய உதவி.

கிருமி நுழைந்த வாசல் எது தெரியுமா? சுண்டுவிரல் இடுக்கில் நான் கண்டுகொள்ளாமல் விட்ட சேற்றுப்புண். அது பூஞ்சைத் தொற்று என்பதால் அதற்குத் தனியாகப் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு தடவினேன். இப்போது குளித்ததும் விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றிவிட்டுத்தான் செருப்பு போடுகிறேன்.