தழும்பை மறைக்கப் பச்சை குத்தப் பழகுபவர்கள் விடும் பிழைகள்

கையுறை மாற்றுவது, ஊசியைத் திரும்பப் பாவிக்காமல் விடுவது எல்லாம் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். திருமலையில் புதிதாகப் பழகுபவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். அதற்கு விலை கொடுப்பது கதிரையில் இருப்பவரின் தோல்.

சிவந்த தழும்பு

தொடாதீர்கள். குறைந்தது ஒரு வருடம் கழிந்து, வெளிறி, தட்டையாகி, அரிப்பும் நின்றிருக்க வேண்டும்.

அன்றைய தோலுக்கு நிறம் பொருத்துவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நடக்கும் பிழை இது. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

ஓகஸ்ட் மாதம், முன்கையில் எண்ணெய் சுட்ட வெள்ளைத் தழும்போடு ஒருவர் வருகிறார். உப்புவெளி வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடி ஓடிக் கை கறுத்திருக்கிறது. பழகுபவர் ரியூப் லைட்டின் கீழ் அந்தக் கறுப்புக்கு ஒத்த மையைக் கலந்து தழும்பை நிரப்பிவிடுகிறார். அன்று எடுத்த படத்தில் தழும்பே தெரியாது. மாரி வந்து வெயில் குறைந்ததும் சுற்றியுள்ள தோல் தெளிகிறது, மை தெளிவதில்லை. வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் இப்போது மண்ணிறத் திட்டு.

மை தங்குவது தோலின் கீழ்ப்படையில். புண் ஆறி மேற்படை மூடியதும், அந்தப் படையின் ஊடாகத்தான் நிறம் தெரியும். குத்திய கையோடு கண்ணில் படுவது ஈர மையும் ஊசி பட்ட சிவப்பும். உண்மையான நிறத்தைப் பார்க்க 6 முதல் 8 வாரம் ஆகும்.

ஆகவே, வேலைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அந்த இடத்தை நீளக்கை உடுப்பால் மூடச் சொல்லுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், யன்னலோரம் வைத்துப் பாருங்கள். வலி தெரியாமலிருக்கப் போடும் விறைப்பு கிரீம் பூசுவதற்கு முன்பே பாருங்கள். பூசிய பின் தோல் வெளிறிப் பொய் நிறம் காட்டும். மூன்று கலவைகள் செய்து, எந்த நிறத்தில் எத்தனை துளி என்று கொப்பியில் எழுதி, தழும்பின் ஓரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வையுங்கள். ஆறு வாரம் பொறுத்து, ஆறிய புள்ளிகளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி வெளிறிய கலவையே நல்லது. பின்னர் கூட்டலாம், குறைக்க முடியாது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. ‘தோல் நிறம்’ என்று விற்கும் பல போத்தல்களில் டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெள்ளை நிறமி கலந்திருக்கும். எங்கள் மண்ணிறத் தோலில் அது திருநீறு பூசியது போல் நிற்கும். லேசரால் எடுக்கப் போனால் கறுத்துவிடக்கூடும். போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

ஊசியை அழுத்துவது

தழும்பு ஓரிடத்தில் இறுகியும் அடுத்த இடத்தில் மெலிந்தும் இருக்கும். இறுகிய இடத்தில் மை ஏறவில்லை என்று அழுத்தினால், மெலிந்த இடத்தில் ஊசி ஆழ இறங்கி மை கலங்கி நீலம் பாய்ந்துவிடும். மூன்று முனை வட்ட ஊசியால் இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஓரத்தில் கோடு போடாமல், நல்ல தோலுக்குள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஐதாகக் கரையவிடுங்கள். விட்ட இடைவெளியை 6 முதல் 8 வாரத்தின் பின் அடுத்த அமர்வில் நிரப்பலாம்.

கேலொயிட்

காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு இது. குத்த வேண்டாம். காது குத்திய இடமோ தோளில் பிசிஜி ஊசி போட்ட தழும்போ தடித்து வளர்ந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் தோல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

வெண்புள்ளி

ஒரு வருடமாவது பரவாமல் நின்றிருக்க வேண்டும். பரவும் காலத்தில் குத்தினால், ஊசி பட்ட இடத்திலேயே புதுப்புள்ளி எழும்.

ஷெல் காயம்

உள்ளே துண்டு இன்னும் இருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எங்கே, எப்படி என்று துருவ வேண்டாம். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். துண்டு இருப்பதாகச் சொன்னால் வைத்தியர் பார்க்கும் வரை ஊசி எடுக்காதீர்கள்.

ஆறும் நாட்கள்

இரண்டு வாரம் கடல் குளிப்பு வேண்டாம், கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிப்பதும் வேண்டாம். இறந்தவருக்காகக் கன்னியாவில் குளித்துச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை குடும்பத்தில் வருகிறதா என்று கேட்டே திகதி வையுங்கள். மஞ்சள் பூசச் சொல்லி வீட்டில் யாராவது நிற்பார்கள். அவர்களையும் கூப்பிட்டு விளக்குங்கள். உரியும் தோலைப் பிய்த்தால் மையும் சேர்ந்து வரும்.