நடு செல்லை எப்படிக் கழற்றுவீர்கள்? எலக்ட்ரோலைசர் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைட்ரஜன் பேச்சு சூடுபிடித்ததிலிருந்து ஆல்கலைன் எலக்ட்ரோலைசர் வரைபடங்கள் அடிக்கடி என் மேஜைக்கு வருகின்றன. காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் கருவி அது; பிரிப்பு நடக்கும் ஒவ்வோர் அறையும் ஒரு செல். வரைகிறவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள். மின்செலவைக் குறைக்க செல் வோல்டேஜை 1.9 வோல்ட்டிலிருந்து 1.8-க்கு இறக்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஸ்பேனர் எந்தப் பக்கமாக நுழையும் என்று கேட்டால் விழிப்பார்கள். குளோர்-ஆல்கலி (உப்புநீரிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும்) ஆலையின் செல் ஹவுஸில் எங்கள் தலைமுறை செய்து, பட்டு, விட்டொழித்த பிழைகள்தான் இப்போது புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு வருகின்றன.

செல்லுக்குள் இருக்கும் காரக் கரைசலான காஸ்டிக் பொட்டாஷ் கண்ணில் பட்டால் என்னாகும், காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் தாண்டினால் தீப்பிடிக்கக்கூடும் என்பதெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன்.

நடுவில் ஒரு செல் போனால்?

எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். 150 செல்களை வரிசையாக அடுக்கு, இரண்டு முனையிலும் எண்ட் பிளேட் வை, நீள டை ராட் (இரு முனையையும் சேர்த்து இழுக்கும் கம்பி) போட்டு இறுக்கு. இந்த அடுக்குதான் ஸ்டாக். ஃபில்டர் பிரஸ் அமைப்பு. பூட்டுவதற்கு இதைவிட எளிது கிடையாது. கழற்றுவதைப் பற்றிக் கேட்டால், "80,000 மணி நேரம் ஓடும் சார், திறக்கவே தேவையில்லை" என்பார்கள். அது சராசரிக் கணக்கு. ஆலையை நிறுத்துவது சராசரி செல் அல்ல, 150-ல் படுமோசமான அந்த ஒன்று. எல்லா செல்லின் வாயுவும் ஒரே ஹெடரில்தான், அதாவது பொதுக் குழாயில்தான், கலக்கிறது. இரண்டு வாயுவையும் பிரித்து வைக்கும் டயஃப்ரம் என்ற தடுப்பு ஒரு செல்லில் ஓரத்தில் கிழிந்தால் போதும், ஆக்சிஜன் பக்கம் ஹைட்ரஜன் ஏறும். 2 சதவீதத்தில் தானாக நிற்கும்படி டிரிப் வைத்திருப்பீர்கள். நன்றாக இருக்கும் 149 செல்லும் சேர்ந்து நிற்கும்.

ஓர் ஆலையில் இப்படித்தான் நின்றது. கரைசலை வடித்து, நைட்ரஜன் விட்டு, டிஎம் (உப்பு நீக்கிய) தண்ணீரில் அலசி, நட்டுகளையும் தளர்த்தியாயிற்று. டை ராட் நாலு மீட்டர் நீளம். எண்ட் பிளேட்டுக்குப் பின்னால் சுவரோ இரண்டு மீட்டரில். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மூத்த ஃபிட்டர் ராடைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சார், ராட வெட்டணுமா, செவுத்த இடிக்கணுமா? ஒண்ணு சொல்லிருங்க" என்றார். "ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி, ஸ்டாக்கையே வெளிய தூக்கிருவோம்" என்று முடிவாயிற்று. ஒற்றைச் செல்லுக்காகப் பெரிய கிரேன் வந்தது.

செலவு அதோடு நிற்கவில்லை. அழுத்தத்தை விட்டதும் எல்லா செல்லின் கேஸ்கெட்டும் போச்சு. கேஸ்கெட் டெஃப்ளான்; ஒருமுறை நசுங்கினால் மறுபடி அதே மாதிரி உட்காராது. பிரித்து வைத்த டயஃப்ரம் காய்ந்தால், கழுவியும் போகாமல் மிஞ்சிய பொட்டாஷ் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து துளைக்குள் கார்பனேட்டாகப் படியும். ஆக ஒன்றை மாற்றப் போய் எல்லாவற்றையும் மாற்றுகிறோம். உற்பத்தி இழப்பையும் பாருங்கள்: 5,000 ஆம்பியரில் ஒரு செல் மணிக்கு சுமார் 188 கிராம் ஹைட்ரஜன் தரும். 150 செல்லுக்கு 28 கிலோ. ஒரு வாரம் நின்றால் நாலே முக்கால் டன்.

ஸ்டாக்கை முப்பது முப்பது செல்லாகப் பிரியுங்கள். இடையில் நான்கு தடித்த பிளேட்கள், ஒவ்வொன்றிலும் தூக்குவதற்கு ஐ போல்ட் துளை, பிளாக்கை இறுக்கம் விடாமல் பிடித்துக்கொள்ளத் தனி கிளாம்ப். கெட்ட பிளாக்கை எடுத்துவிட்டு ஸ்பேர் பிளாக்கை வைத்து ஓட்டலாம்; கெட்டதை ஒர்க்‌ஷாப் மேஜையில் நிதானமாகப் பிரிக்கலாம். டை ராடுக்கு எண்ட் பிளேட்டில் துளை போடாமல் விளிம்பு வரை திறந்த பள்ளம் வெட்டுங்கள். ராட் பக்கவாட்டில் வந்துவிடும், சுவர் எங்கிருந்தாலும் கவலையில்லை. வாஷர் நழுவாமல் உட்கார ஒரு சின்னக் குழிவு மட்டும் வேண்டும்.

இதைச் சொன்னதும் விலைக் குறைப்புக் கூட்டத்தில் முதலில் வெட்டுவது அந்த நாலு பிளேட்டைத்தான். காரணம், "காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் (பிளேட் தொடும் இடத்து மின்தடை) கூடும்." கூடட்டுமே! ஒவ்வொன்றிலும் பத்து மில்லிவோல்ட் விழுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் சேர்த்து 200 வாட். ஸ்டாக் தின்பது 1.4 மெகாவாட். இதற்கா இவ்வளவு வாதம்?

குளோர்-ஆல்கலிக்காரர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். பழைய மோனோபோலார் (ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே தனி மின் இணைப்பு உள்ள) செல் கெட்டால் ஜம்பர் ஸ்விட்ச் போட்டு அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை ஓட்டுவோம். மின்சாரம் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு நேராகப் பாயும் பைபோலார் வந்தபோது அந்த வசதி போனது. அதனால்தான் ஜெர்மனியின் ஊடே (Uhde) நிறுவனத்தின் சிங்கிள் எலிமென்ட் வடிவமைப்பில் ஒவ்வொரு செல்லுக்கும் தனி போல்ட், தனி சீல். ஒர்க்‌ஷாப்பிலேயே கசிவு சோதித்து அனுப்பலாம், ஒன்றை மட்டும் உருவி மாற்றலாம். போல்ட் எண்ணிக்கை எக்கச்சக்கம்தான். ஆனாலும் நடு இரவு ஷிஃப்டில் நிற்பவன் அந்த வடிவமைப்பாளரை வாழ்த்துவான்.

ஸ்பிரிங் இல்லாமல் இறுக்குவது

நாலு மீட்டர் எஃகு ராட் 30 டிகிரியிலிருந்து 85-க்குச் சூடானால் சுமார் 2.6 மில்லிமீட்டர் நீளும். உள்ளே அடுக்கியிருக்கும் டெஃப்ளான் அதைவிட அதிகமாக விரிய முயலும், இடமில்லாமல் வழிந்து மெலியும். ஆறியதும் இறுக்கம் காணாமல் போயிருக்கும். கசிவு தொடங்குவது ஓடும்போது அல்ல, நிறுத்தி ஆறவிட்ட மறுநாள் காலையில். நட்டுக்கு அடியில் பெல்வில் வாஷர் (ஸ்பிரிங் போல அமுங்கி எழும் கிண்ண வடிவ வாஷர்) அடுக்கு போடுங்கள். முதல் சூட்டுக்குப் பின் மறுபடி டார்க் (நட்டின் இறுக்க அளவு) பார்க்க ரெஞ்ச் போகும் இடமும் விடுங்கள்.

தலைகீழாகவும் பொருந்தும் பிளேட்

அம்புக்குறி ஸ்டிக்கரை நம்பாதீர்கள். திருப்பி வைத்தால் நுழையவே கூடாது. ஒரு டவல் பின்னை (இடம் பொருத்தும் குச்சி) நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) ஒரு செல்லுக்கு மட்டும் பார்ப்பது

செல் ஃபிரேமை வார்க்கும் அச்சில் 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக வந்தால் எல்லா ஃபிரேமும் ஒரே பக்கம்தான் கூடும். 150 சேர்ந்தால் 15 மில்லிமீட்டர். ஒரு முனையை நிலையாக வைத்து மறுமுனையை நகரவிடுங்கள், நகரும் பக்கத்துப் பைப்புக்கு பெல்லோஸ் (நீண்டு சுருங்கும் மடிப்புக் குழாய்).

செல்லுக்குச் செல் வோல்டேஜ் முனை இல்லாமை

எது கெட்டது என்றே தெரியாமல் எதைக் கழற்றுவது?

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்டட், எஸ்எஸ் நட்

ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கழலாது. ஆன்டி-சீஸ் பசை பூசுங்கள்.

அடிப்பக்கம் கை போகாமல் வைப்பது

கசிவு கேஸ்கெட்டின் கீழ் விளிம்பில்தான் முதலில் தெரியும். கரைசல் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அது ஈரம் இழுத்து இன்சுலேட்டர் வரை வழிந்தால் எர்த் ஃபால்ட் (மின்சாரம் தரைக்குக் கசிவது). ஸ்டாக்கை முழங்கால் உயரத்துக்காவது ஏற்றி வையுங்கள். ஆபரேட்டர் டார்ச்சோடு குனிந்து பார்க்கவும், ஷட்டவுனில் துணி விட்டுத் துடைக்கவும் முடிய வேண்டும்.