டிப்பர் தொட்டி தூக்கத் திணறுகிறதா? பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

சித்திரங்கோடு பக்கமிருந்து பாறைப்பொடி ஏற்றிய டிப்பர் ஒன்று, ஆடி மழையில் தக்கலை அருகே ஒரு வீட்டு வேலைக்கு வந்தது. தொட்டி பாதி உயரம் போய் நின்றுவிட்டது. டிரைவர் ரேஸ் கொடுக்கக் கொடுக்க பம்ப் கத்தியதே தவிர, ஆயில் அழுத்தத்தில் தொட்டியைத் தூக்கும் ஜாக்கி நகரவில்லை. பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தபோது, டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் வரும் சக்‌ஷன் ஹோஸின் கிளிப் தளர்ந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் அடிக்கடி சொல்வார்: "மக்கா, மொதல்ல ஆயிலப் பாரு. பம்பு எங்கயும் ஓடிப் போவாது."

தொடங்கும் முன் ஒன்று. தூக்கிய தொட்டிக்கு அடியில் முட்டுக்கம்பி கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள். லிவரை நம்பக் கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் தொட்டி அப்படியே இறங்கிவிடும். முட்டுக்கம்பியும் காலித் தொட்டிக்குத்தான். லோடோடு நின்றால் தொட்டியை இறக்கி, லோடைக் காலி செய்துவிட்டு அப்புறம் பாருங்கள். ஹோஸில் கசிவு தேடும்போது கையால் தடவாதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். ஊசித் துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதலில் காலித் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காலியிலேயே மெதுவாக ஏறினால், பம்புக்குப் போதிய ஆயில் போகவில்லை, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. காலியில் விறுவிறுவென்று ஏறி லோடில் மட்டும் நின்றால், அழுத்தம் போதவில்லை. அதற்கு முன் லோடையும் யோசியுங்கள். இங்கே குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. நனைந்த பாறைப்பொடி கனம் கூடும், தொட்டியில் ஒட்டியும் நிற்கும். அதற்கு ஜாக்கி மேல் பழி போட முடியாது.

அடுத்தது ஆயில். தொட்டியை முழுவதும் இறக்கி, சமதரையில் நிறுத்தி அளவு பாருங்கள். தூக்கிய நிலையில் ஆயிலெல்லாம் ஜாக்கிக்குள் இருக்கும். டேங்க் குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றினால், இறக்கும்போது வழிந்து சேஸ் முழுக்க ஓடும். கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடித்துவிட்டு மாற்றுங்கள், டேங்க் மூடியின் வாஷரையும் பாருங்கள். நுரையாக இருந்தால் காற்று. ஆயிலின் கெட்டித்தன்மை எண் 46-ஆ 68-ஆ என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து ஊற்றுங்கள்.

நுரை இருந்தால், அல்லது பம்ப் கீச்சென்று கத்தினால், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் சக்‌ஷன் ஹோஸைப் பிடியுங்கள். கிளிப்புகளை இறுக்குங்கள். ரப்பர் வெடித்திருக்கிறதா, உள்ளே உப்பி அடைத்திருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். ஃபில்டரையும் கழற்றிக் கழுவுங்கள். பாறைப்பொடி ஓட்டும் வண்டிகளில் அது சேறு பூசியதுபோல் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் வண்டிகள் என்னிடம் இந்த இடத்திலேயே சரியாகிவிடுகின்றன.

கியர்பாக்ஸிலிருந்து பம்பைச் சுழற்றும் பிடிஓ முழுவதும் விழுகிறதா என்பதையும் பாருங்கள். கேபிளோ ஏர் லைனோ தளர்ந்திருக்கலாம்.

இதற்கு மேலும் லோடில் நின்றால், அழுத்தம் அளவு மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். உள்ளே ஒரு தூசி சிக்கினாலே ஆயில் டேங்குக்குத் திரும்பி ஓடும். கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். ஆனால் பிரஷர் கேஜ் மாட்டாமல் அந்த ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். அளவு மீறினால் ஹோஸோ சீலோ கிழியும், ஜாக்கியே வளையவும் கூடும். வால்வு சுத்தமாக இருந்தும் கேஜில் அழுத்தம் ஏறவில்லை என்றால்தான் பம்ப் மேல் சந்தேகப்படலாம். காலையில் நன்றாக ஏறி, நாலாவது லோடில் சூடானதும் சோர்ந்தால், பம்ப் தேய்ந்ததற்கு அது நல்ல அடையாளம்.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையோரம் ஓடும் வண்டிகளுக்கு ஜாக்கியையும் பாருங்கள். உப்புக்காற்றில் ஜாக்கித் தண்டின் குரோம் பூச்சில் புள்ளி விழுந்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அறுபடும். விரல் நகத்தால் தடவினால் தட்டும்.

வேலை முடிந்ததும் காலித் தொட்டியை இரண்டு, மூன்று முறை முக்கால் உயரம் வரை மெல்ல ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு தொட்டியை இறக்கி வைத்து, ஆயில் அளவை இன்னொரு தடவை பார்த்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஊற்றுங்கள்.