அக்கெனதென்: 17 ஆண்டுகளை ஒரே படமாகப் பார்க்காதீர்கள்

பழைய எகிப்தின் மன்னர் அக்கெனதெனைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அவருடைய 17 ஆண்டு ஆட்சியையும் ஒரே நாளில் நடந்தது போல எடுத்துக்கொள்கிறார்கள். கி.மு. 1353 வாக்கில் அரியணை ஏறியபோது அவர் பெயர் அக்கெனதெனே இல்லை. அப்பாவைப் போல அவரும் அமென்ஹோடெப்தான். அந்தப் பெயருக்குள்ளேயே அமூன் என்ற, அன்றைய எகிப்தின் தலைமைக் கடவுள் இருக்கிறார். 5ஆம் ஆட்சியாண்டில்தான் பெயரை மாற்றிக்கொண்டார். பழைய பெருநகரங்களான தீப்ஸுக்கும் மெம்பிஸுக்கும் நடுவே, இன்று அமர்னா எனப்படும் வெற்று நிலத்தில், அகெதாதென் என்ற புதுத் தலைநகரம் எழத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். அதனால் ஒரு சிற்பமோ கல்வெட்டோ கண்ணில் பட்டால், இது எந்த ஆண்டு, எந்த ஊர், யார் பார்ப்பதற்காகச் செய்தது என்று முதலில் கேளுங்கள்.

இப்படிக் கேட்டால், "ஆதென் என்ற கடவுளை அவர் புதிதாகக் கொண்டுவந்தார்" என்ற வாக்கியத்தை எழுத மாட்டீர்கள். ஆதென் என்பது சூரிய வட்டைக் குறிக்கும் பழைய சொல். அவருடைய அப்பா மூன்றாம் அமென்ஹோடெப்பின் அரச படகின் பெயரிலேயே ஆதென் உண்டு. மகனின் ஆட்சித் தொடக்கத்திலும் இந்தக் கடவுள் பருந்துத் தலையோடு, ரா-ஹொரக்தி என்ற பழைய சூரியக் கடவுளின் வடிவில்தான் வருகிறார். அதற்குப் பிறகே கதிர்களின் நுனியில் கைகள் முளைத்த வட்டு வருகிறது. ஆதெனின் நீண்ட பெயரில் ஹொரக்தி, ஷு ஆகிய பழைய தெய்வங்களின் பெயர்கள் பல ஆண்டுகள் இருந்தன. அவை நீக்கப்பட்டது ஆட்சியின் பிற்பகுதியில்தான். படிப்படியாக நடந்த மாற்றம் இது.

அடுத்து, "உலகின் முதல் ஒரே கடவுள் மதம்" என்ற பேச்சு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அமூன் பெயரை நாடெங்கும் உளி கொண்டு செதுக்கி எடுத்தார்கள். சொந்த அப்பாவின் பெயரில் இருந்த அமூனைக்கூட விடவில்லை. ஆனால் அந்தப் புதுத் தலைநகரத்திலேயே, கல்லறைத் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்பில் பிரசவத்தைக் காக்கும் பெஸ், தவெரெத் என்ற பழைய வீட்டுத் தெய்வங்களின் தாயத்துகள் கிடைத்திருக்கின்றன. அரசரின் ஆணை கல்வெட்டில் இருக்கிறது. குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்ற தாயின் வேண்டுதல் அந்தத் தாயத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஆதெனின் கைகள் உயிர்க்குறியை நீட்டுவது அரசர், அரசியின் மூக்குக்கு மட்டும்தான். மற்றவர்கள் அரச குடும்பத்தின் வழியாகத்தான் அந்தக் கடவுளை அணுக முடியும். இதைப் பிற்கால மதங்களின் அளவுகோலால் அளந்தால் தவறாகத்தான் போகும். ஆதென் துதிப்பாடலும் விவிலியத்தின் 104ஆம் சங்கீதமும் சில இடங்களில் ஒத்திருப்பது உண்மை. அதை மட்டும் வைத்து மோசே இவரிடம் கற்றார் என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த இருவரையும் சேர்க்கும் சான்று எதுவும் கிடையாது.

கலை விஷயத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தீப்ஸின் கர்நாக் கோயில் பகுதியில் 1925இல் வெளிவரத் தொடங்கிய பெருஞ்சிலைகளில் நீண்ட முகம், சாய்ந்த கண்கள், சரிந்த வயிறு, அகன்ற இடுப்பு இருக்கும். உடனே "அவருக்கு ஏதோ நோய்" என்று சொல்லிவிடுகிறார்கள். கை கால்களை நீளச் செய்யும் மரபணு நோயான மார்ஃபான் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். சரி, நோய் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அரசி நெஃபர்டிட்டிக்கும் மகள்களுக்கும் அதிகாரிகளுக்கும் அதே உடம்பை ஏன் செதுக்கினார்கள்? நிற்கும் மனித உருவத்தைப் பாதத்திலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 சமக் கட்டங்களில் அமைப்பது பழைய வழக்கம். அமர்னாக் காலத்தில் அது 20 கட்டங்களானது. மேலுடம்பு நீண்டது, கால்கள் குட்டையாகத் தெரிந்தன. அளந்து, திட்டமிட்டுச் செய்த மாற்றம் இது.

அஸ்வான் பாறை ஒன்றில் மென் என்ற சிற்பியும் அவர் மகன் பெக்கும் அருகருகே செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அப்பா மென், மூன்றாம் அமென்ஹோடெப்புக்கு வேலை செய்தவர், மகன் அக்கெனதெனுக்கு. தன்னை அரசரே நேரில் பயிற்றுவித்தார் என்று பெக் அதில் சொல்கிறார். ஒரே குடும்பம், ஒரே பாறை, இரண்டு பாணிகள்! மருத்துவ ஊகங்களைத் தேடிப் போகும் முன் இந்தப் பாறையைப் படித்தால் கலை எப்படி மாறியது என்பது புரியும்.

பெர்லினில் இருக்கும் நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலை, 1912 டிசம்பரில் துட்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் கிடைத்தது. அதில் தெரியும் மென்மை, ஆட்சியின் பிந்தைய ஆண்டுகளுக்கு உரியது. கர்நாக் சிலையையும் இதையும் அருகருகே வைத்து "அவர் அசிங்கம், இவர் அழகு" என்று எழுதுவது இரண்டு வேறு காலங்களைக் குழப்புவது.

அரசியைப் பற்றி இன்னொரு கதையும் உலவுகிறது: 12ஆம் ஆட்சியாண்டுக்குப் பின் அவர் ஒதுக்கப்பட்டு மறைந்தார் என்று. அமர்னாவுக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருந்த கல்வெட்டு 2012இல் வெளியானது. அதில் 16ஆம் ஆண்டிலும் அவர் பட்டத்தரசிதான்.

கடைசியாக, அழகான ஆதென் துதிப்பாடலைப் படித்துவிட்டு அது மென்மையான, எல்லோரும் மகிழ்ந்திருந்த ஆட்சி என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பாடல் பறவைக் குஞ்சையும் நதி மீனையும் கொண்டாடுகிறது. அகெதாதென் நகரத்தின் அரண்மனைத் தரையில் நாணலும் வாத்தும் தீட்டியிருந்தார்கள். ஆனால் அந்த நகரத்தின் எளிய மக்களைப் புதைத்த இடங்களைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளில் பாரம் சுமந்து நசுங்கிய முதுகெலும்புகள் இருந்தன, ஊட்டம் இல்லாமல் நின்றுபோன வளர்ச்சி இருந்தது. ஒரு புதைகாட்டில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள், இளைஞர்கள்.